அந்த மூணாவது மேட்ச்சுக்கு எவ்வளவு?

2024 ஜனவரி, சிட்னி. யுனைடெட் கப் ஃபைனல். ஒரு பக்கம் போலந்து, இன்னொரு பக்கம் ஜெர்மனி. முதல் மேட்ச்ல இகா ஷ்வியான்டெக், ஏஞ்சலிக் கெர்பரை 6-3, 6-0 என்று ஊதித் தள்ளிவிட்டார். இரண்டாவது மேட்ச்ல அலெக்சாண்டர் ஸ்வெரெவ், ஹூபர்ட் ஹர்காஸிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவது செட்ல இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்து ஜெயித்தார். 1-1. இப்போ மூணாவது மேட்ச். மிக்ஸட் டபுள்ஸ். போலந்து பக்கம் அதே ஷ்வியான்டெக், அதே ஹர்காஸ். ஜெர்மனி பக்கம் ஸ்வெரெவ் இருந்தார், ஆனா கெர்பர் இல்லை. அவருக்குப் பதிலா லாரா சீகெமுண்ட் இறங்கினார். 6-4, 5-7, 10-4. கோப்பை ஜெர்மனிக்கு.

இந்தக் கட்டுரையோட கேள்வி சின்னது. ஜெர்மனி ஜெயிச்ச அந்தப் பணத்துல கெர்பருக்கு எவ்வளவு, சீகெமுண்டுக்கு எவ்வளவு, ஸ்வெரெவுக்கு எவ்வளவு போகணும்? நம்ம காலேஜ்ல கிரிக்கெட் பத்திப் பேசினா பத்து பேர் கூடுவாங்க, டென்னிஸ்னு சொன்னா "யாருடா அது"ன்னு கேட்பாங்க. இருந்தாலும் படிங்க. டீமா வேலை செஞ்சு, பரிசு வாங்கி, அதை எப்படிப் பிரிக்கிறதுன்னு முழிச்ச எல்லாருக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

முதல்ல விதி. யுனைடெட் கப் என்பது ஆண்களும் பெண்களும் ஒரே நாட்டு அணியா சேர்ந்து ஆடுற போட்டி. ஆஸ்திரேலியாவில், ஆஸ்திரேலியன் ஓப்பனுக்கு முன்னாடி, புத்தாண்டை ஒட்டி நடக்கும். 18 நாடுகள். 2023-ல முதல் தடவை நடந்தப்போ ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவுல ஐந்து மேட்ச்: ஆண்கள் சிங்கிள்ஸ் இரண்டு, பெண்கள் சிங்கிள்ஸ் இரண்டு, மிக்ஸட் ஒண்ணு. மொத்தப் பரிசு 1.5 கோடி டாலர். 2024-ல இருந்து மூணே மேட்ச்: ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு, மிக்ஸட் ஒண்ணு. பரிசும் 1 கோடி டாலரா இறங்கிச்சு.

இந்த மூணுங்கிற எண்ணிக்கையை மனசுல வச்சுக்கங்க. ஐந்து மேட்ச் இருந்தப்போ மிக்ஸட் என்பது கடைசில வர்ற ஊறுகாய். நாலு சிங்கிள்ஸ்லயே பாதி நேரம் முடிவு தெரிஞ்சிடும். மூணு மேட்ச் ஆனதும் அதே மிக்ஸட் மொத்த மோதல்ல மூணுல ஒரு பங்கு. விதியை மாத்தினவங்க நினைச்சு மாத்தினாங்களோ இல்லையோ, டபுள்ஸ் ஆடுறவங்களோட மதிப்பு ஒரே வருஷத்துல ஏறிடுச்சு.

பணம் மூணு வழியா வருது. ஒண்ணு, பங்கேற்புத் தொகை. அணியில நீங்க எந்த இடம், உங்க ரேங்க் என்ன என்பதைப் பொறுத்து, ஒரு பந்தைக்கூட அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு உறுதியாகிற பணம். இரண்டு, நீங்க ஆடி ஜெயிச்ச ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தர்ற பணம். மூணு, உங்க அணி ஒரு நாட்டை ஜெயிச்சா அணியில இருக்கிறவங்களுக்கு வர்ற பணம். ரவுண்டு போகப் போக இந்த இரண்டாவதும் மூணாவதும் கூடிக்கிட்டே போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு.

கடைசி வரியை ஏதோ சாதாரண விஷயம் மாதிரி எழுதிட்டேன். அது சாதாரணமா வந்ததில்லை. 1972-ல யுஎஸ் ஓப்பன் ஜெயிச்ச பில்லி ஜீன் கிங்குக்குக் கிடைச்சது 10,000 டாலர். அதே வருஷம் ஆண்கள் பிரிவுல ஜெயிச்ச இலியே நஸ்டாசேவுக்கு 25,000. அடுத்த வருஷம் சமமா தரலைன்னா பெண்கள் ஆட வரமாட்டோம்னு அவர் நின்னார். 1973-ல யுஎஸ் ஓப்பன் சமமா தந்துச்சு. அந்த வித்தியாசத் தொகையைக் கொடுத்தது ஒரு டியோடரண்ட் பிராண்ட்! விம்பிள்டன் அதே முடிவுக்கு வர 2007 ஆச்சு. 34 வருஷம். ஒரு ஆள் பிறந்து, இன்ஜினியரிங் முடிச்சு, கல்யாணம் பண்ணி, வீட்டு லோன் வாங்குற அளவு காலம்.

இவ்வளவுக்கும் நடுவுல ஒரு சறுக்கலும் உண்டு. பெர்த்ல 1989-ல இருந்து ஹாப்மன் கப்னு ஒரு மிக்ஸட் போட்டி நடந்துக்கிட்டிருந்துச்சு. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு நாடு. 2019 ஜனவரி 1-ஆம் தேதி ரோஜர் ஃபெடரரும் செரீனா வில்லியம்ஸும் எதிரெதிரா நின்னு மிக்ஸட் ஆடினது அங்கதான். ஜெயிக்கிற ஜோடிக்கு வைரம் பதிச்ச டென்னிஸ் பந்து தருவாங்க. ஆளுக்கு ஒண்ணு. ரேங்க் பார்த்து ஒருத்தருக்கு வைரம், இன்னொருத்தருக்குக் கண்ணாடிக்கல்னு தரலை. அதுக்கு அடுத்த வருஷம் அந்த இடத்துல வந்தது ஏடிபி கப். ஆண்கள் மட்டும். பரிசு 1.5 கோடி டாலர். பெண்கள் வெளியே. மூணு வருஷம் அப்படி ஓடி, அப்புறம்தான் ஏடிபியும் டபிள்யூடிஏவும் சேர்ந்து யுனைடெட் கப் வந்துச்சு. அதனால இங்க இருக்கிற சமப் பங்கை நான் குறைச்சு மதிப்பிடலை. ஒரே கோர்ட், ஒரே ஸ்கோர்போர்டு, ஒரே நாட்டுக்கொடி. அதுல பாதி பேருக்குக் குறைவா கொடுத்தா அசிங்கம் பளிச்சுன்னு தெரியும்.

என் சண்டை வேற இடத்துல. ஆணா பெண்ணாங்கிற கணக்கு இங்க முடிஞ்சிடுச்சு. ஆனா பெரிய பெயரா இல்லையாங்கிற கணக்கு முடியலை. அந்த முதல் வழி, பங்கேற்புத் தொகை இருக்கே, அது ஜெயிக்கிறதுக்குத் தர்ற பணம் இல்லை, வர்றதுக்குத் தர்ற பணம். ரேங்க் உயர உயர அது ஏறும், அந்த ரேங்க் உங்க சிங்கிள்ஸ் ஆட்டத்தோட வரலாறு.

ஏன் அப்படி வச்சாங்கன்னு புரியுது. ஜனவரி முதல் வாரம். டாப் பத்துல இருக்கிற ஒருத்தர் வேற எங்கயாவது கண்காட்சி மேட்ச் ஆடி நல்லா சம்பாதிக்கலாம், இல்லைன்னா வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம். அவங்க வந்தாதான் டிக்கெட் விக்கும், டிவி வரும், ஸ்பான்சர் வருவாங்க. சீகெமுண்டைப் பார்க்கணும்னு சிட்னியில வரிசை நின்னிருக்க மாட்டாங்க. ஸ்வெரெவைப் பார்க்க நின்னிருப்பாங்க. பானையே அவர் பெயர்ல வருது, அதனால அவருக்குப் பெரிய அகப்பை. இது நியாயமில்லாத வாதம் இல்லை.

ஆனா பானை வந்த பிறகு சோறு யார் சமைச்சாங்கங்கிற கேள்வி தனி.

இங்க கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, இன்டெக்ரேஷன் இல்லை. லாயிட் ஷாப்லின்னு ஒருத்தர் 1953-ல ஒரு வழி சொன்னார். 2012-ல பொருளாதார நோபல் வாங்கினவர். ஒரு குழு சேர்ந்து ஒண்ணை ஜெயிச்சா, ஆளுக்கு எவ்வளவு பங்குன்னு எப்படிப் பிரிக்கிறது? அவர் வழி இது: ஆட்கள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரூமுக்குள்ள வர்றாங்கன்னு வச்சுக்கங்க. யார் உள்ளே வந்த நொடியில அந்தக் குழு ஜெயிக்கிற குழுவா மாறுதோ, அந்தத் தடவை முழு கிரெடிட் அவருக்கு. எல்லா வரிசையிலயும் இதைச் செஞ்சு சராசரி எடுங்க. அதுதான் பங்கு. நம்ம ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பருக்கு இது சிலபஸ்ல இல்லை, இருந்திருந்தா அந்தப் பேப்பர் இன்னும் கொஞ்சம் உருப்பட்டிருக்கும்.

ஜெர்மனிக்கு இதைப் போடுவோம். மூணு மேட்ச்ல இரண்டு வேணும். ஆண்கள் சிங்கிள்ஸுக்கு ஸ்வெரெவ் வேணும். பெண்கள் சிங்கிள்ஸுக்கு கெர்பர் வேணும். மிக்ஸடுக்கு ஸ்வெரெவ், சீகெமுண்ட் இரண்டு பேரும் வேணும். ஆள் இல்லைன்னா அந்த மேட்ச் போச்சுன்னு எடுத்துக்கலாம். மூணு பேர், ஆறு வரிசை.

ஸ்வெரெவ் முதல்ல வந்து, அடுத்து கெர்பர் வந்தா, கெர்பர் வந்த நொடியில இரண்டு மேட்ச் கையில. கிரெடிட் கெர்பருக்கு. ஸ்வெரெவ் முதல்ல, அடுத்து சீகெமுண்ட் வந்தா, ஆண்கள் சிங்கிள்ஸும் மிக்ஸடும் கையில. கிரெடிட் சீகெமுண்டுக்கு. மீதி நாலு வரிசையிலயும் ஸ்வெரெவ் இரண்டாவதாவோ மூணாவதாவோ வர்றார், அவர் வந்தாதான் காரியம் நடக்குது. ஆக ஸ்வெரெவுக்கு ஆறுல நாலு, கெர்பருக்கு ஆறுல ஒண்ணு, சீகெமுண்டுக்கு ஆறுல ஒண்ணு.

இதைப் பேப்பர்ல போட்டுப் பார்த்தப்போ இரண்டு தடவை சரிபார்த்தேன். ஸ்வெரெவுக்கு அதிகம் வரும்னு தெரியும், அவர் இரண்டு மேட்ச் ஆடுறார். ஆனா முன்னாள் உலக நம்பர் ஒன், மூணு கிராண்ட்ஸ்லாம் சாம்பியன் கெர்பரும், டபுள்ஸுக்குன்னு வந்த சீகெமுண்டும் சரிசமம். அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

போலந்துக்குப் போட்டா கதை வேற. அங்க இரண்டே பேர் எல்லாத்தையும் ஆடுறாங்க. ஒருத்தர் மட்டும் வந்தா ஒரு மேட்ச்தான். இரண்டு பேரும் வந்தாதான் ஜெயம். ஆக பாதிக்குப் பாதி. இன்னொரு அணி, ஆண் சிங்கிள்ஸுக்கு ஒருத்தர், பெண் சிங்கிள்ஸுக்கு ஒருத்தர், மிக்ஸடுக்குத் தனியா இரண்டு பேர்னு நாலு பேரை இறக்கினா? சிங்கிள்ஸ் ஆடுறவங்களுக்கு ஆளுக்கு மூணுல ஒண்ணு, மிக்ஸட் ஜோடிக்கு ஆளுக்கு ஆறுல ஒண்ணு வரும். இருபத்து நாலு வரிசை, பொறுமை இருந்தா நீங்களே போட்டுப் பாருங்க.

இதுல ஓட்டை இருக்குன்னு உடனே ஒருத்தர் சொல்வீங்க. சீகெமுண்ட் இல்லைன்னா மேட்ச் போயிடாது, கெர்பரே மிக்ஸடும் ஆடியிருப்பார். சரிதான். ஆனா அந்த வாதத்தை ஒரு பக்கம் மட்டும் வைக்க முடியாது. பிள்ளை பெத்து நீண்ட இடைவெளிக்கு அப்புறம் கெர்பர் திரும்பி வந்த போட்டியே அதுதான். அவர் வரலைன்னாலும் ஜெர்மனி வேற ஒருத்தரை இறக்கியிருக்கும். "மாற்று ஆள் இருக்கார்"னு சொல்லிக் குறைக்கணும்னா எல்லாருக்கும் குறைக்கணும். டபுள்ஸ் ஆடுறவருக்கு மட்டும் அந்த விதியைக் காட்டக் கூடாது.

அதோட, சீகெமுண்டை ஏன் இறக்கினாங்க? அதுக்கு இரண்டு மாசம் முன்னாடிதான் கான்குன்ல வேரா ஸ்வொனரேவாவோட சேர்ந்து டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் டபுள்ஸ் ஜெயிச்சிருந்தார். யுஎஸ் ஓப்பன் மிக்ஸட் 2016-ல, பெண்கள் டபுள்ஸ் 2020-ல. நெட் பக்கத்துல நின்னு கை வேகத்துல பந்தைச் சாகடிக்கிறது, சர்வீஸ் வர்றதுக்கு முன்னாடியே யார் எங்க நகரணும்னு பார்ட்னரோட முடிவு பண்றது, இதெல்லாம் தனி வித்தை. அந்த வருஷம் செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியாவோட ஸ்வெரெவ் தன் சிங்கிள்ஸைத் தோத்தார், கெர்பர் ஜெயிச்சார், 1-1. மிக்ஸட்ல மேட்ச் பாயிண்டைக் காப்பாத்தி, டை-பிரேக்ல 15-13. அடுத்தடுத்து இரண்டு மோதல் அந்த மூணாவது மேட்ச்லதான் முடிஞ்சுது.

டபுள்ஸ்னா சிங்கிள்ஸ் வராதவங்க ஆடுறதுன்னு நினைக்கிறவங்க ஒரு நிமிஷம் நம்ம நாட்டைப் பாருங்க. சிங்கிள்ஸ்ல சீனியர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் இந்தியாவுக்கு இன்னும் ஒண்ணுகூட கிடையாது. இந்தியர் ஒருத்தர் ஜெயிச்ச முதல் கிராண்ட்ஸ்லாமே மிக்ஸட் டபுள்ஸ்தான்: 1997 பிரெஞ்ச் ஓப்பன், மகேஷ் பூபதி, ஜப்பானோட ரிக்கா ஹிராகி. சானியா மிர்சாவோட ஆறு பட்டத்துல மூணு மிக்ஸட். லியாண்டர் பயஸ் 2015-ல மார்ட்டினா ஹிங்கிஸோட ஒரே வருஷத்துல மூணு மிக்ஸட் பட்டம் ஜெயிச்சார். நம்ம ஆட்கள் ஜெயிச்சதெல்லாம் "அது டபுள்ஸ்தானே" என்கிற அந்தத் "தானே"க்குள்ளதான் இருக்கு.

2025-ல யுஎஸ் ஓப்பன் இதை ஒரு பெரிய பரிசோதனையாவே செஞ்சு காட்டிச்சு. மிக்ஸட் டபுள்ஸை மெயின் போட்டிக்கு முந்தின வாரத்துக்கு நகர்த்தினாங்க. 16 ஜோடி மட்டும். பாதி ஜோடிகளை இரண்டு பேரோட சிங்கிள்ஸ் ரேங்கைக் கூட்டிப் பார்த்து எடுத்தாங்க, மீதி வைல்டு கார்டு. செட் ஆறு கேம் இல்லை, நாலு கேம், ஃபைனல் மட்டும் ஆறு. ஜெயிக்கிற ஜோடிக்கு 10 லட்சம் டாலர். முந்தின வருஷம் 2 லட்சம். ஐந்து மடங்கு! டபுள்ஸ் ஆடிப் பிழைக்கிறவங்க பார்வையில பாருங்க: அவங்க போட்டியில பணம் ஐந்து மடங்கான அதே நாள்ல அவங்களுக்கே கதவு மூடிச்சு.

முந்தின வருஷ சாம்பியன்கள் சாரா எர்ரானி, ஆண்ட்ரியா வாவசோரி, இத்தாலி ஜோடி, இவங்களே வைல்டு கார்டு வாங்கித்தான் உள்ளே வந்தாங்க. வந்து, ஃபைனல்ல ஷ்வியான்டெக், காஸ்பர் ரூட் ஜோடியை ஜெயிச்சு அந்த 10 லட்சத்தை எடுத்துட்டுப் போனாங்க. நான் விசில் அடிச்சேன், ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டினான்.

அரங்கம் நிறைஞ்சதும் உண்மை. அந்தக் கூட்டம் எர்ரானிக்காக வரலை, ஷ்வியான்டெக்குக்காகவும் அல்கராஸுக்காகவும் ஜோகோவிச்சுக்காகவும் வந்துச்சு. அதனாலதான் நட்சத்திரங்களுக்குத் தர்ற பணத்தை முழுசா எடுத்துடுங்கன்னு நான் சொல்லலை. எடுத்தா பானையே வராது.

நம்ம பக்கமும் இது நடக்குது. ஹேக்கத்தான்ல பத்தாயிரம் ரூபாய் வரும், நாலு பேர். கோட் எழுதினவன் ஒருத்தன், சர்க்யூட் போட்டவள் ஒருத்தி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிபிடி செஞ்சு மேடையில பேசினவள் இன்னொருத்தி, பெயர் இருந்தா ஷார்ட்லிஸ்ட் ஆகும்னு சேர்த்துக்கிட்ட சீனியர் அண்ணா ஒருத்தர். பொதுவா ஆளுக்கு 2,500 ரூபாய்னு பிரிச்சுட்டு எல்லாரும் உள்ளுக்குள்ள முணுமுணுப்போம். கோட் எழுதினவன் "எனக்குதான் பாதி வரணும்"பான். மேடையில ஜட்ஜ் கேட்ட மூணு கேள்விக்குப் பதில் சொன்னவள் இல்லைன்னா அந்தக் கோட் லேப்டாப்லயே தூங்கியிருக்கும்னு அவனுக்குத் தோணாது. அண்ணாவுக்குப் போற 2,500-தான் பங்கேற்புத் தொகை. அவர் இல்லைன்னா உள்ளேயே விட்டிருக்க மாட்டாங்கங்கிறதும் நிஜம்தான், என்ன பண்றது.

என்னைக் கேட்டா யுனைடெட் கப்ல மூணு மாத்தம் வேணும். பங்கேற்புத் தொகை இருக்கட்டும், ஆனா மொத்தப் பானையில அதுக்கு ஒரு உச்சவரம்பு. மீதி எல்லாம் மேட்ச் ஜெயிச்சதுக்கும் அணி ஜெயிச்சதுக்கும் போகட்டும். அணி ஜெயிச்ச பணம் அணியில பெயர் உள்ள எல்லாருக்கும் சமம், ரேங்க் பார்க்காம. இது ஒண்ணும் புரட்சி இல்லை. லேவர் கப்ல ஜெயிச்ச அணியில ஆளுக்கு 2.5 லட்சம் டாலர், ஃபெடரர் இருந்தாலும் சரி, அணியோட கடைசி ஆளா இருந்தாலும் சரி. அங்கயும் பங்கேற்புத் தொகை ரேங்க்படிதான், ஆனா ஜெயிச்ச பணம் ஒரே அளவு.

மூணாவதுதான் நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. மிக்ஸட் ஜெயிச்சா ஜோடியில ஆளுக்கு, ஒரு சிங்கிள்ஸ் வெற்றிக்குத் தர்ற அதே முழுத் தொகை. பாதி இல்லை. "ஒரு மேட்ச், இரண்டு பேர், அப்போ பாதிதானே"ன்னு கேட்பீங்க. மேட்ச்சை எண்ணினா பாதிதான். ஆனா ஜெர்மனி மாதிரி அணிகளுக்கு ஆளை எண்ணிப் பார்த்தோமே, கெர்பரும் சீகெமுண்டும் சமமா வந்தாங்களே. நாலு பேர் ஆடுற அணிக்குப் பாதி சரியா இருக்கும், மூணு பேர் ஆடுற அணிக்கு முழுசு சரியா இருக்கும். இரண்டுல ஒண்ணைத்தான் விதியா எழுத முடியும். நான் முழுசைத் தேர்ந்தெடுப்பேன். காரணம் கணக்கு மட்டும் இல்லை. பாதின்னு வச்சா, சிங்கிள்ஸ் ஆடி முடிச்ச நட்சத்திரத்துக்கு அந்த மூணாவது மேட்ச் ஒரு ஓவர்டைம் மாதிரி. கால் வலி, அடுத்த வாரம் ஆஸ்திரேலியன் ஓப்பன். பாதிப் பணத்துக்கு எதுக்கு ஓடணும்?

தோத்த அணி பத்தியும் ஒரு வார்த்தை. போலந்து 2024 ஃபைனலும் தோத்துச்சு, 2025 ஃபைனலும் தோத்துச்சு. 2024-ல ஷ்வியான்டெக் தன் சிங்கிள்ஸ்ல நாலு மாசக் குழந்தைகூட எண்ணக்கூடிய மூணே கேம்தான் விட்டார். அவர் வேலையை அவர் முடிச்சார். அணி தோத்தாலும் அந்த மேட்ச்சுக்கான பணம் அவருக்கு முழுசா வரணும், இப்போ இருக்கிற விதியில வருது, அதைத் தொடக் கூடாது. ஹர்காஸ் கையில இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் இருந்து போனதுக்கு ஷ்வியான்டெக் என்ன பண்ணுவார்?